பள்ளத்தூர் வந்ததிலிருந்து கினி பிக் தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை: பயப்பட வேண்டுமா?

நீங்கள் எழுதியிருந்ததன் சுருக்கம் இது. சென்னையில் பிளாட்டில் வளரும் இரண்டு கினி பிக் (கொறித்துத் தின்னும் சிறு வளர்ப்புப் பிராணி), இரண்டும் பெண், வயது இரண்டு, ஆளுக்கு ஏறக்குறைய 900 கிராம். கோடை விடுமுறைக்குக் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரில் ஆயா (பாட்டி) வீட்டுக்குக் கொண்டுவந்து எட்டு நாள் ஆகிறது. சென்னையில் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 150 மில்லி குடிக்கும். இங்கே வெயில் அதைவிடக் கொளுத்துகிறது, ஆனால் பாட்டிலில் 30 மில்லிகூடக் குறையவில்லை. காலையில் ஆளுக்கு ஒரு வெள்ளரிப்பிஞ்சு, சாயங்காலம் கைநிறைய அருகம்புல் என்று ஆயா கொடுக்கிறார். "புல்லுலயே தண்ணி இருக்கு, விடு" என்கிறார். சிரிஞ்சில் தண்ணீர் புகட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவன் அல்ல. கால்நடை ஆய்வாளராக இந்த மாவட்டத்தில் மாடு, ஆடு, கோழி என்று முப்பது வருடத்துக்கு மேல் அலைந்து ஓய்வு பெற்றவன். பேத்தி விட்டுப்போன கினி பிக்குகளைக் காரைக்குடி வீட்டில் ஏழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆயா சொல்வது பாதி சரி. முதலில் அந்தப் பாதியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வளர்ந்த கினி பிக்குக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 மில்லி தண்ணீர் வேண்டும். உங்களுடையவற்றுக்கு ஆளுக்கு 90 மில்லி. இந்தத் தண்ணீர் பாட்டில் வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். 70 கிராம் பிஞ்சு ஒன்றைத் தின்றால் 65 மில்லிக்கு மேல் அதிலேயே போய்விடுகிறது. பச்சைப் புல்லில் முக்கால் பங்கு ஈரம். 50 கிராம் அருகம்புல் தின்றால் இன்னும் 35, 40 மில்லி. ஆக பாட்டிலைத் தொடாமலே 100 மில்லி உள்ளே போய்விட்டது. சென்னையில் உலர்ந்த புல்லும் பெல்லட்டும் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) தின்று வளர்ந்தவை என்று எழுதியிருக்கிறீர்கள். உலர்ந்த தீவனத்தில் ஈரம் சொற்பம், அதனால் தேவையில் பெரும்பகுதியைப் பாட்டிலிலிருந்தே எடுத்துக்கொண்டன. ஊர் மாறியது, தீனி மாறியது, தண்ணீர் வரும் வழி மாறியது. உங்கள் வீட்டில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

"பெரும்பாலும்" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இதே நம்பிக்கையில் இருந்துதான் நான் ஒருமுறை ஏமாந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு பங்குனி மாதம். எங்கள் வீட்டுச் சுந்தரி கூண்டில் பாட்டில் மட்டம் இரண்டு நாளாக ஒரே கோட்டில் நின்றது. வெள்ளரி நிறையத் தின்கிறாள், அதனால் குடிக்கவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை அவள் குழாய் முனையை நக்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்தேன். நக்குகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி நக்குகிறாள். பாட்டிலுக்குள் ஒரு காற்றுக் குமிழிகூட மேலே ஏறவில்லை. கழற்றி, முனையில் தண்ணீரை அடைத்து நிற்கும் சிறு குண்டை விரலால் அழுத்தினேன். அசையவில்லை. உள்ளே மெல்லிய புல் நார் ஒன்று, எச்சிலோடு சேர்ந்து பசைபோல் ஒட்டிக்கிடந்தது. இவை குடிக்கும்போது வாயில் உள்ள தீனியைக் குழாய்க்குள் ஊதித் தள்ளும் பழக்கம் உள்ளவை, முயல் அப்படிச் செய்யாது. குண்டூசியால் நாரை எடுத்து மறுபடி மாட்டியதும் அவள் குடித்த குடி இன்னும் கண்ணில் நிற்கிறது. டிக் டிக் டிக் என்று குண்டு அடிக்க, குபுக் குபுக்கென்று குமிழி ஏற, நிறுத்தாமல் குடித்தாள். இரண்டு நாள் தாகத்தோடு என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறாள். நான் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே வேறெதற்கும் முன்னால் பாட்டிலைச் சோதியுங்கள். குண்டை விரலால் அழுத்தினால் ஒரு சொட்டு விரலை நனைக்க வேண்டும். நாலைந்து முறை தட்டினால் உள்ளே குமிழி ஏற வேண்டும். காரில் வந்த குலுக்கலில் மூடியின் ரப்பர் வளையம் நகர்ந்திருந்தால் எதிர்மாறாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும், அதை நாம் "நிறையக் குடிக்கிறது" என்று நினைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு வழி: குழாய் முனைக்கு நேர்கீழே ஒரு கிண்ணம் வையுங்கள், கிண்ணத்தில் விழுந்ததைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். கூடவே கனமான பீங்கான் கிண்ணம் ஒன்றில் தனியாகத் தண்ணீர் வையுங்கள். பாட்டிலை விட்டுக் கிண்ணத்தில் குடித்தால் பாட்டிலில்தான் கோளாறு. கிண்ணத்தில் புழுக்கையும் புல்லும் விழும், நாளுக்கு இரண்டு மூன்று தடவை கழுவி மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு.

பாட்டில் சரியாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது தராசு. என்னைக் கேட்டால் கினி பிக் வளர்க்கும் வீட்டில் தண்ணீர் பாட்டிலைவிட முக்கியமான சாமான் இதுதான். சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். காலையில் தீனி வைப்பதற்கு முன், ஒரே நேரத்தில், ஒரு பாத்திரத்தில் உட்காரவைத்து நிறுத்து எழுதி வையுங்கள். நாளுக்கு நாள் 20, 30 கிராம் ஏறி இறங்குவது சகஜம், வயிறு நிறைந்திருப்பதையும் சிறுநீர் போனதையும் பொறுத்தது. 50 கிராம் இறங்கி அப்படியே நின்றால் கவனம் வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, உங்களுடையவற்றுக்கு 90 கிராம், குறைந்தால் யோசிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பாட்டில் மட்டம் ஏன் மாறுகிறது என்பதற்குப் பத்துக் காரணம் இருக்கும். எடை குறைவதற்கு அவ்வளவு நல்ல காரணம் ஒன்றும் கிடையாது.

இரண்டையும் தனித்தனியாக நிறுப்பது கட்டாயம். ஒரு கூண்டில் இரண்டு இருந்தால் பாட்டில் சொல்வது கூட்டுக் கணக்குத்தான். ஒன்று 30 மில்லி முழுவதையும் குடித்து மற்றது ஒன்றுமே குடிக்காமல் இருக்கலாம். வெள்ளரியிலும் அப்படித்தான், இரண்டில் ஒன்று அதிகாரம் செய்யும், மற்றதன் வாயிலிருந்தே பிடுங்கித் தின்னும். சந்தேகம் இருந்தால் ஒரு நாள் மட்டும் நடுவில் கம்பி வலை வைத்துத் தனித்தனி பாட்டில், தனித்தனி தீனி வைத்துப் பாருங்கள். வலை வழியாக ஒன்றையொன்று பார்க்கவும் மோந்துகொள்ளவும் முடிய வேண்டும். இவை கூட்டமாக வாழும் ஜீவன்கள், சுவர் வைத்துப் பிரித்தால் அந்தக் கவலையிலேயே தீனி குறையும்.

அடுத்தது புழுக்கை. நன்றாகத் தண்ணீர் சேரும் கினி பிக் போடும் புழுக்கை நிலக்கடலைப் பருப்பு அளவில், இரண்டு முனையும் மழுங்கி, ஒரே மாதிரி இருக்கும். நசுக்கினால் உள்ளே லேசான ஈரம் தெரியும். தண்ணீர் போதாவிட்டால் சிறுத்து, கறுத்து, உலர்ந்து, ஒரு முனை கூராகிவிடும். எண்ணிக்கையும் குறையும். வெள்ளரி அளவுக்கு மீறினால் இதற்கு நேர்மாறாக மெத்தென்று ஒட்டும். ஆயாவின் அன்பு கொஞ்சம் கூடினால் இரண்டாவதுதான் நடக்கும், அதையும் பாருங்கள்.

சிறுநீரைப் பார்க்க உங்கள் வீட்டிலேயே அருமையான வசதி இருக்கிறது. பள்ளத்தூர் வீடு என்றால் தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருப்பார்கள். நான் ஒரு பழைய கருஞ்சிவப்புக் கல்லைக் கூண்டில் ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் வயிற்றைச் சில்லென்று அதில் ஒட்டிக்கொண்டு படுக்கும். சிறுநீர் அந்தக் கல்லில் விழுந்து காய்ந்தால் வெள்ளையாகத் திட்டு நிற்கும். முதன்முதலில் பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். இவற்றின் உடம்பு தேவைக்கு மிஞ்சிய சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. அதனால் கலங்கலாக, வெளிறி இருப்பது இயல்பு. அந்தத் திட்டை விரலால் தேய்த்துப் பாருங்கள். முகத்துக்குப் போடும் பவுடர்போல நைசாக இருந்தால் ஒன்றுமில்லை. ஆற்று மணல்போல் நறநறவென்று பட்டால் சிறுநீர்ப்பையில் மணல் சேர்கிறது, கல்லாவதற்கு முந்திய நிலை. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்பட்டு இது வேகமாக நடக்கும். சிவப்பாக இருந்தால் முந்தின நாள் பீட்ரூட் கொடுத்தீர்களா என்று யோசியுங்கள். கொடுக்கவில்லை என்றால் ரத்தமாக இருக்கலாம். சிறுநீர் கழிக்கும்போது முதுகைக் கூனிக்கொண்டு கீச்சென்று கத்தினால் அது வலி. இந்த இரண்டிலும் காத்திருக்கக் கூடாது.

எடை நிற்கிறது, புழுக்கை உருண்டு திரண்டு ஈரமாக இருக்கிறது, சிறுநீர்த் திட்டு நைசாக இருக்கிறது, கண் குழிவிழாமல் பளபளவென்று இருக்கிறது, தீனித் தட்டைக் கண்டால் "வீக் வீக்" என்று கூப்பாடு போடுகிறது என்றால் பாட்டிலில் 30 மில்லி போதும். ஆயா சொன்னது அப்படியே சரி. சிரிஞ்சு வேண்டாம். தாகம் இல்லாத பிராணியைப் பிடித்து வாயில் தண்ணீர் விட்டால் அது மிரளும், புரையேறும், நுரையீரலுக்குள் போனால் சளிக் காய்ச்சலில் கொண்டுபோய்விடும். மருத்துவரிடம் போகும் வழியில் உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும், அரை மில்லி அரை மில்லியாக, மல்லாத்தாமல் நான்கு காலில் நிற்கவைத்தபடி, கடைவாய் ஓரத்தில் விட்டு, அது விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது.

இனி ஆயா சொன்னதன் மற்றப் பாதி. "விடு" என்றால், பாட்டிலையே எடுத்துவிடலாம் என்று அர்த்தமாகிவிடக் கூடாது. நம் ஊர்ப்பக்கம் முயலுக்குத் தண்ணீர் வைக்கக் கூடாது, புல்லே போதும் என்று நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு. கிராமங்களில் முயல் வளர்த்த வீடுகளில் நானே எத்தனையோ தடவை தொட்டி வைக்கச் சொல்லி வாதாடியிருக்கிறேன். முயலுக்கும் தப்பு, கினி பிக்குக்கும் தப்பு. ஒரு நாள் புல் வாடிப்போகும், ஒரு நாள் வெள்ளரி கிடைக்காது, ஒரு நாள் வெயில் ஏறும். அன்றைக்குத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குடிக்காத தண்ணீரைக் கொட்டி, காலையும் மாலையும் புதிதாக வைக்க வேண்டும். வெயிலில் சூடேறிய தண்ணீரை இவை தொடாது.

வெள்ளரியில் இன்னொரு குறை இருக்கிறது. இதுதான் எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் உறுத்தியது. கினி பிக்கின் உடம்பு வைட்டமின் சி தானாகத் தயாரிக்காது, மனிதனைப் போலவே. 1907 இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் கினி பிக்குகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் கொடுத்தபோது, அக்காலத்தில் கப்பலோட்டிகளுக்கு வந்த அதே ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது. அந்தப் பிராணியை வைத்துத்தான் பிற்பாடு இந்த வைட்டமினையே தேடிப் பிடித்தார்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். வெள்ளரியில் 100 கிராமுக்கு மூன்று மில்லிகிராம் அளவுக்குத்தான் தேறும். சென்னையில் பெல்லட்டும் குடைமிளகாயும் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், இங்கே வந்து இரண்டையும் நிறுத்தியாகிவிட்டது. இரண்டு மூன்று வாரத்தில் பற்றாக்குறை தலைகாட்டத் தொடங்கலாம். மூட்டு வலிக்கும், நடக்கத் தயங்கும், ஈறு நோகும். ஈறு நொந்தால் குழாய் முனையை நக்கவும் வலிக்கும், அப்போது தண்ணீர் உண்மையிலேயே குறையும். நீங்கள் அதை "புல் தின்கிறது, அதனால் குடிக்கவில்லை" என்றே எடுத்துக்கொள்வீர்கள். என் பயம் அதுதான்.

வழி சுலபம். குடைமிளகாயில் எட்டில் ஒரு பங்கு ஆளுக்கு ஒரு நாளைக்குப் போதும், காரைக்குடி மார்க்கெட்டில் கிடைக்கும். கொத்தமல்லி நாலைந்து கொத்து. கொய்யா ஒரு சிறு துண்டு, சர்க்கரை இருப்பதால் வாரத்தில் இரண்டு நாள். பெருநெல்லியில் வைட்டமின் சி கொட்டிக்கிடக்கிறது, புளிப்புக்குப் பெரும்பாலானவை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தின்றால் ஒரு மெல்லிய சீவல். முருங்கைக்கீரையிலும் உண்டு, ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், தினமும் வேண்டாம். வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் கலக்காதீர்கள். வெளிச்சத்திலும் சூட்டிலும் அது சீக்கிரம் வீரியம் இழந்துவிடும், சுவை மாறியதும் தண்ணீரையும் குடிக்காது. குளுக்கோஸ், மோர், நன்னாரி சர்பத், நீராகாரம் எதுவும் ஆகாது. வெயிலுக்கு நல்லது என்று பிரியத்தில் யாராவது ஊற்றுவார்கள், அவர்கள் மனம் கோணாமல் தடுத்துவிடுங்கள்.

வைக்கோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாட்டுக்குப் போடுகிற நெல் வைக்கோல் உலர்புல்லுக்கு ஈடாகாது, சத்து குறைவு. அருகம்புல்லே தாராளமாகக் கொடுக்கலாம். ஊருணிக் கரையில் அறுப்பதாக இருந்தால் ஆடு, நாய் திரியாத இடமாக, மருந்து அடிக்காத இடமாகப் பார்த்து, கழுவிக் கொடுங்கள். வெயிலில் குவித்து வைத்துப் புழுங்கிய புல் வயிற்றை ஊதவைக்கும்.

தண்ணீரின் ருசியும் ஒரு காரணமாக இருக்கலாம். சென்னையில் கேன் தண்ணீர் குடித்தவை, இங்கே கிணற்று நீரோ போர் நீரோ வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் இனிக்கும் என்று பெயர். ஆனால் செட்டிநாட்டில் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு நீர் மாறும், உவர்ப்பு உள்ள கிணறும் உண்டு. அதனால்தான் முன்னோர் குடிக்கத் தனி ஊருணி வெட்டி வைத்தார்கள், மழை பெய்தால் வளவு முற்றத்தில் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்தார்கள். நீங்கள் குடிக்கிற தண்ணீர் எதுவோ அதையே அவற்றுக்கும் வையுங்கள். உங்கள் நாக்குக்கே உவர்த்தால் அவற்றுக்கும் வேண்டாம். ருசி மாற்றம்தான் காரணமா என்று தெரிய, இரண்டு கிண்ணத்தில் இரண்டு தண்ணீர் வைத்தால் ஒரே ராத்திரியில் விடை கிடைத்துவிடும்.

புது இடத்து மிரட்சியும் முதல் மூன்று நான்கு நாள் தீனியையும் தண்ணீரையும் குறைக்கும். எட்டு நாளாகியும் ஒளிந்தே கிடந்தால் கூண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பூட்டிக்கிடந்த பெரிய வீடுகளில் மரநாய் குடியிருக்கும். ராத்திரி கூரையில் அது நடக்கும் சத்தம் நமக்குக் கேட்காவிட்டாலும் அதன் வாடை இவற்றுக்குத் தெரியும், தெரிந்தால் விடியும்வரை வெளியே வராது. கூண்டைக் கதவுள்ள அறைக்குள் வைத்துச் சாத்திவிடுங்கள்.

வெயில் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பெயரில் கினி இருந்தாலும் இவற்றின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. 18 முதல் 24 டிகிரி வரை சுகமாக இருக்கும், 30 தாண்டினால் ஆபத்து. இவற்றுக்கு வியர்க்காது. நம் ஊர்க் கத்திரி வெயிலில் வெளியே 38, 39 டிகிரி என்றால், தண்ணீர் குடித்து மட்டும் அதைச் சமாளிக்க முடியாது. பாட்டில் நிறைய இருக்கிறது, புல் தின்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டு மத்தியானம் பார்த்தால் காலை நீட்டிப் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். முகப்பிலும் முற்றத்தை ஒட்டியும் வைக்க வேண்டாம். முற்றத்துக்கு மேல் தகரமோ கண்ணாடியோ போட்டிருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். பழைய வீட்டின் தடித்த சுவருள்ள உள்ளறையில் மத்தியானம் வெளியைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். ஆனாலும் ஒரு தெர்மாமீட்டரை மாட்டி எண்ணைப் பாருங்கள், நம் உடம்பு சொல்வதை நம்பாதீர்கள். எண் ஏறினால் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துண்டில் சுற்றிக் கூண்டோரம் வையுங்கள், சாய்ந்து படுத்துக்கொள்ளும். கரண்ட் போகும் நாளைக்கு இரண்டு பாட்டில் தயாராக இருக்கட்டும். எச்சில் வடிய, தள்ளாடி, மூச்சு இரைத்தால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஜூன் மாதம் சென்னை திரும்பியதும் உதவும். அங்கே உலர்புல்லுக்குப் போனவுடன் பாட்டில் மறுபடி 150 மில்லி காலியாகும். அது நோயல்ல. தீனியும் வெயிலும் மாறாமல் இருக்கும்போதே இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வழக்கத்தைப் போல இரு மடங்கு குடித்தால்தான் விசாரிக்க வேண்டும். பொழுது போகாமல் குழாயோடு விளையாடிச் சிந்துவது ஒரு காரணம், படுக்கைத் துணி குழாய்க்குக் கீழே மட்டும் நனைந்திருக்கும். கூண்டில் உப்புக்கட்டி தொங்கினால் கழற்றிவிடுங்கள், தேவையில்லை. சினைப்பட்டவையும் பாலூட்டுபவையும் அதிகம் குடிக்கும். கடையில் இரண்டும் பெண் என்று சொல்லிக் கொடுத்ததில் ஒன்று ஆணாக இருந்த கதை நிறைய உண்டு. உங்களுடையவை இரண்டு வருடமாகக் குட்டி போடாததால் அந்தக் கவலை இல்லை.

இவை எதுவும் இல்லாமல் அதிகம் குடித்து, அதிகம் சிறுநீர் போய், எடையும் இறங்கினால் உள்ளே ஏதோ இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், சிறுநீர்ப்பைக் கல், வயதானவற்றில் தைராய்டு அதிகமாகச் சுரப்பது என்று பல. தைராய்டு உள்ளவை நன்றாகத் தின்றுகொண்டே இளைக்கும், அதனால் வீட்டுக்காரர்கள் ஏமாந்துபோவார்கள். பல்லையும் மறக்கக் கூடாது. இவற்றின் 20 பல்லும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை மென்று மென்றுதான் தேய வேண்டும். கடைவாய்ப்பல் வளைந்து வளர்ந்தால் நாக்கை அமுக்கும். தாடை எந்நேரமும் நனைந்திருக்கும், தின்ன ஆசையாக வந்து வாயில் வைத்துக் கீழே போட்டுவிடும். சுந்தரிக்கு ஐந்தாவது வயதில் அப்படித்தான் ஆனது. தாடை ஈரத்தைப் பார்த்து, குழாய் ஒழுகுகிறது போல என்று ஒரு நாள் விட்டோம். மறுநாள் தராசில் 60 கிராம் குறைந்திருந்ததைப் பார்த்துத்தான் கிளம்பினோம். பல்லைத் தேய்த்துவிட்டபின் ஒன்றரை வருடம் இருந்தாள்.

மருத்துவரிடம் போகும்போது ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளையும் கிளிண்டாமைசின், லின்கோமைசின் போன்றவற்றையும் கினி பிக்குக்கு வாய்வழி கொடுக்கக் கூடாது. குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, விஷக் கிருமி பெருகி, சில நாளில் உயிரை எடுத்துவிடும். நாய்க்கும் மாட்டுக்கும் தினம் எழுதுகிற மருந்து என்பதால் கை பழக்கத்தில் எழுதிவிட வாய்ப்புண்டு. "இது கினி பிக், பென்சிலின் ஒத்துக்காது இல்லீங்களா டாக்டர்?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள், நல்ல மருத்துவர் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். நம் பக்கம் இந்தச் சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகியவர்கள் குறைவு. மதுரைக்குப் போகலாம், ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எதுவானாலும் போனில் கேட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் மட்டும் எந்த நேரம் என்று பார்க்காதீர்கள். இவற்றின் குடல் ஓய்ந்து நிற்கக் கூடாது, நின்றால் மறுபடி ஓடவைப்பது கஷ்டம்.

இன்று இரவே பாட்டில் குண்டை அழுத்திப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணமும் வையுங்கள். நாளை காலையிலிருந்து ஐந்து நாள் எடையை எழுதுங்கள், இரண்டுக்கும் தனித்தனியாக. அந்தப் பத்து எண்ணையும், புழுக்கை எப்படி இருக்கிறது என்பதையும் எனக்கு அனுப்பினால் மேற்கொண்டு சொல்கிறேன். வெள்ளரியைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று ஆயாவிடம் நேராகச் சொன்னால் வருத்தப்படுவார். குடைமிளகாயையும் கொத்தமல்லியையும் நறுக்கி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், அவரே பார்த்து ஊட்டட்டும்.